கைமரத்தில் மூன்று தட்டு

டிஷ்காரருக்கு ஐம்பத்துமூன்றாவது வயதில் தன் காது ஒழுங்காகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. முட்டி வலி என்றால் எதையாவது தேய்த்துக்கொண்டு போயிருப்பார். கண் மங்கியிருந்தால் ஒரு கண்ணாடி. காது என்றதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். இருபத்திரண்டு வருஷமாக அவர் சோறு தின்றதே அந்தக் காதை வைத்துத்தான்.

கூரையில் டிஷ் மாட்டுகிறவருக்குக் காது எதற்கு என்று கேட்பீர்கள். அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் சாய்கூரை வீடுகள். பலகை அடித்து, மேலே தார் அட்டை ஒட்டியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. அடியில் கூரையைத் தாங்கும் கைமரம் எங்கே ஓடுகிறது என்று சாமி வந்து சொன்னால்தான் உண்டு. டிஷ் குழாயின் அடித்தட்டை அந்தக் கைமரத்தில்தான் முடுக்க வேண்டும். வெறும் பலகையில் முடுக்கினால் முதல் காற்றுக்கு நிற்கும், இரண்டாவது காற்றுக்கு ஆடும், மூன்றாவது காற்று பிடுங்கி எறிந்துவிடும்.

அதனால் இது இரண்டு ஆள் வேலை. மேல் ஆள் கூரையில் இருப்பார். உள் ஆள் வீட்டுக்குள் போய், உள்கூரைக்கு மேலே இருக்கும் பரணில் குனிந்து ஏறி, டார்ச் அடித்துக் கைமரத்தைப் பார்த்து, சுத்தியல் பிடியால் அதில் மூன்று தட்டு தட்டுவான். மேல் ஆள் தார் அட்டையில் உள்ளங்கையையும் காதையும் வைத்துக் கேட்பார். பலகையில் தட்டினால் டொக்கென்று வெறும் சத்தம் வரும். கைமரத்தில் தட்டினால் சத்தம் கனமாக வந்து கையிலேயே ஏறும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் துளை போடுவார். கடைசியில் டிஷ்ஷைத் திருப்பும்போதும் உள் ஆள் டி.வி. முன்னால் நின்று படம் வந்ததா போனதா என்று சொல்ல வேண்டும். அதற்கென்று மீட்டர் இருக்கிறதுதான். கடையில் இருந்த ஒரே மீட்டர் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

எட்டு வருஷமாக டிஷ்காரருக்கு உள் ஆள் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அவர்தான் முதலாளியிடம் சொல்லி வேலையில் சேர்த்துவிட்டார். தொழிலைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

தெருக்கோடியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார் டெய்லரம்மா. நாளெல்லாம் ஜன்னலோரம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு டி.வி. வேண்டியிருந்தது. டிஷ் மாட்டப் போன அன்றைக்கு மச்சான் வெள்ளைச் சட்டை போட்டு, மடிப்புக் கலையாமல் வந்து நின்றான்.

"என்ன மச்சான், கூரை உனக்குப் பொண்ணு குடுக்குதா? இப்படி வந்திருக்க."

"மத்தியானம் அவங்க அப்பாவைப் பாக்கப் போறேன் மாமா. முதல் தடவை."

"யாரு, அந்த மருந்துக்கடைப் பொண்ணோட அப்பாவா?"

"ஆமா மாமா. ஒரு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு."

"அப்ப சுருக்கா முடிச்சுடுவோம். பரண்ல பாத்து ஏறு, சட்டை போயிடப் போகுது."

டிஷ்காரர் முகட்டில் கொக்கியைப் போட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சரிவில் ஒருக்களித்துப் படுத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அப்போதே காற்று இருந்தது. மழைக்கு முன்னால் வரும் காற்று, தெருவில் காயப்போட்ட துணிகளை எல்லாம் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. "தட்டு மச்சான்," என்றார். மூன்று தட்டு வந்தது.

"என்ன சத்தம் மந்தமா இருக்கு? பரண்லதான இருக்க?"

"பரண்லதான் மாமா."

"தள்ளியிருந்து வர்ற மாதிரி இருக்கே."

"காத்துல உங்களுக்குச் சரியா கேக்கல மாமா. நான் கைமரத்து நடுவுலதான் தட்டுறேன்."

இன்னொரு தரம் தட்டச் சொல்லிக் கோடு போட்டார். துளை போடும்போது முதலில் பிடி நன்றாக இருந்தது. கடைசியில் லேசாக இளகிய மாதிரி தோன்றியது. கையை எடுத்துவிட்டு மறுபடி கேட்டார்.

"மச்சான், கைமரம்தானே? பிடி இளகுது."

"கண்ணு முன்னாடி இருக்கு மாமா. நீங்க போடுங்க."

கண் முன்னால் வைத்துக்கொண்டு சொல்கிறவனை நம்பாமல் கூரை மேல் இருக்கிறவர் யாரை நம்புவார்? நான்கு போல்ட்டையும் முடுக்கினார், சுற்றிப் பசை வைத்தார், ரசமட்டம் வைத்துக் குழாய் நேராக நிற்கிறதா என்று பார்த்தார். பன்னிரண்டரைக்கு மச்சான் தலை சீவிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பெரிய காற்று அடித்தது. டெய்லரம்மா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது டிஷ் அடித்தட்டோடு பிடுங்கிக்கொண்டு சரிவில் உருண்டு வந்து அவர் கையில் விழுந்தது. வலது முன்கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து டிஷ்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கூரையை மூட வந்த தச்சர், போல்ட் நான்கும் கைமரத்துக்கு வெளியே இறங்கியிருப்பதாகவும், அங்கே எப்போதோ ஒழுகலுக்குப் பலகை மேல் பலகை வைத்து ஒட்டுப் போட்டிருப்பதாகவும், அதனால்தான் இத்தனை நாளாவது நின்றது என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை முதலாளி கடையில் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"நான் கைமரத்துலதான் தட்டினேன் சார். மாமாவுக்குக் கொஞ்ச நாளா காது சரியா கேக்கறதில்ல. வீட்டுல அக்காவும் சொல்லுது. தள்ளிக் கோடு போட்டுட்டாரு."

"இத ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"மாமா சார். எப்படிச் சொல்றது? அவரை வேலையவிட்டு மட்டும் எடுத்துடாதீங்க."

டிஷ்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காக இந்தப் பையன் மன்றாடுகிறானே என்று. அன்றைக்கு அவர் ஒன்றுமே மறுத்துப் பேசவில்லை. தட்டின சத்தம் மந்தமாகக் கேட்டதாக அவரேதானே சொன்னார்.

முதலாளி மச்சானை மேல் ஆளாக்கினார். டிஷ்காரரைக் கடையில் போன் எடுக்க உட்கார வைத்தார். காது கேட்காதவர் என்று ஒருவரைக் கூரையிலிருந்து இறக்கிவிட்டு, அவரையே போன் எடுக்க உட்கார வைத்த அந்த மூளையை என்னவென்று சொல்வது? போன் அடித்தால் இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு அறிவுரை வேறு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியைக் கேட்டார்.

"எனக்குக் காது கேக்கலன்னு நீ சொன்னியா?"

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"கொஞ்ச நாளா ரெண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கு. உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

"எனக்கே தெரியலயே."

"தனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

மறுநாளிலிருந்து அவள் சத்தமாகப் பேச ஆரம்பித்தாள். சாப்பிட வாங்க என்பதைத் தெருவே கேட்கும்படி சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "என்ன, அண்ணனோட சண்டையா?" என்று கேட்டாள். "இல்ல, அவருக்குக் காது கொஞ்சம்," என்று இவள் சைகை காட்டினாள். டிஷ்காரர் கூசிப்போனார். அப்புறம் பழகிவிட்டது. வீட்டில் இருக்கும்போது அவள் வாயைப் பார்த்தே பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

காது டாக்டரிடம் போகலாம் என்று சொன்னவர் அவர்தான். அவளும் கூட வந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவர் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி வேர்க்க வேர்க்க அழுத்தினார். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு ரொம்ப நல்லா கேக்குது. எதுக்கு வந்தீங்க?" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார். "நல்லா கேக்குதுங்கிறாரே," என்றார்.

"மெஷின் சத்தம் வேற, மரத்துல தட்டுற சத்தம் வேற," என்று அவள் சத்தமாகச் சொன்னாள். "டாக்டர் என்ன கூரையிலயா ஏறிப் பாத்தாரு?"

அதுவும் சரிதான் என்று அவருக்குப் பட்டது. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் சொல்வதும், இருபது நிமிஷம் பார்த்த டாக்டர் சொல்வதும் ஒன்றா?

ஆறு வாரம் கழித்து ஒரு விடுமுறை நாளில் அவர் டெய்லரம்மா வீட்டுக்குப் போனார். போகாமல் இருக்க முடியவில்லை. கட்டுப்போட்ட கையை மேஜையில் வைத்துக்கொண்டு, இடது கையால் கத்தரிக்கோல் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. கீழே கோணல் மாணலாக வெட்டுப்பட்ட பழைய துணிகள்.

"வாங்க, உக்காருங்க. ஒத்தைக் கையில டீ போட்டா பாதி அடுப்புக்குத்தான் போகுது. நீங்களே போடுங்க, எனக்கும் சேத்து."

அவர் டீ போட்டார். இரண்டு பேரும் குடித்தார்கள். கை எப்படி இருக்கிறது, கட்டு எப்போது பிரிப்பார்கள், வாங்கி வைத்த துணிக்கு எல்லாம் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று கேட்டார். கடைசியில் தயங்கிக்கொண்டே சொன்னார்.

"அம்மா, ஒரு தடவை பரண்ல ஏறிப் பாத்துக்கவா? எவ்வளவு தள்ளிப் போட்டேன்னு அளந்து பாக்கணும். என் காது எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுக்கலாம்ல."

"அதுக்கென்ன, பாருங்க. ஆனா அதுல எப்படி ஏறுவீங்க?"

உள்ளறைக் கட்டிலுக்கு மேலே, மூலையில், பரணுக்குப் போகிற சதுர மூடி இருந்தது. டிஷ்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். மூடிக்கும் உள்கூரைப் பலகைக்கும் நடுவே ஒரு கோடு இருக்க வேண்டும், திறந்து மூடுகிற இடம். கோடே இல்லை. வெள்ளைப் பெயின்ட் ஒரே பரப்பாக அதன் மேல் ஓடியிருந்தது. கட்டை விரலால் நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். எங்கேயும் வெடிப்பு இல்லை.

"இது எப்பம்மா பெயின்ட் அடிச்சது?"

"மூணு வருஷம் ஆச்சு. எலி பண்ணின அட்டகாசத்துல மூடியை ஆணி அடிச்சு, மேல பெயின்ட்டும் அடிக்கச் சொல்லிட்டேன்."

"அப்புறம் திறக்கவே இல்லையா?"

"திறந்தா எலி வந்து குசலம் விசாரிக்குமே."

"அன்னிக்கு என் மச்சான் ஏறினானே."

"எங்க ஏறினாரு? இந்தக் கட்டில்ல ஏறி நின்னு, என் ஒட்டடைக் கம்பால இல்ல தட்டினாரு அந்தத் தம்பி. சட்டையில தூசி விழும்னு என் துண்டை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு. எனக்குச் சந்தேகமா இருந்துச்சு, கேட்டேன். இங்கதான் மரம் இருக்குன்னு எப்படிப்பா தெரியும்னு. எல்லா வீட்டுலயும் உத்தேசமா இங்கதான்மா இருக்கும்னாரு."

டிஷ்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. "இத ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்றார்.

"யாரு கேட்டா? உங்க முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, பழம் குடுத்தாரு, நாலு தடவை மன்னிப்புக் கேட்டாரு, போயிட்டாரு. நீங்க எல்லாருமே இப்படித்தான் வேலை பாப்பீங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவருக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, சிரிப்பு. ஸ்டூல் மேல் நின்றபடி, உள்கூரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்குக் காது சொன்னது சரி. கை சொன்னதும் சரி. சத்தம் தள்ளியிருந்துதான் வந்தது. பிடி இளகத்தான் செய்தது. "அம்மா, எனக்குக் காது கேக்குதும்மா," என்றார். டெய்லரம்மாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், "கேக்கட்டும், நல்லதுதானே. முதல்ல இறங்குங்க," என்றார்.

கோபம் தெருவில் போகும்போதுதான் வந்தது. எட்டு வருஷமாக இவன் சொன்ன இடத்தில் எல்லாம் துளை போட்டிருக்கிறோமே, அதில் எத்தனை வீட்டுப் பரணில் இவன் ஏறினான், எத்தனை வீட்டில் உத்தேசம் என்று வழியில் தெரிந்த கூரைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே போனார். ஆனாலும் நடை என்னவோ ஓட்டமாகத்தான் இருந்தது. எதுவானாலும் மனைவியிடம் சொல்லியாக வேண்டும் அவருக்கு. அவளிடம் சொன்னால்தான் ஒரு விஷயம் நடந்த மாதிரியே இருக்கும்.

அவள் சமையலறை மேஜையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று வழக்கம்போல் சத்தமாகக் கேட்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். மூடி, பெயின்ட், கட்டில், ஒட்டடைக் கம்பு, துண்டு, ஒன்றும் விடவில்லை. அவள் சீவிக்கொண்டே இருந்தாள். ஒரு கிழங்கு முடிந்து இன்னொன்றை எடுத்தாள். அவள் கேட்பாள் கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். அவனா, என் தம்பியா, என்று கேட்பாள். பொய், அந்த அம்மா தப்பாகச் சொல்கிறாள் என்று சண்டைக்காவது வருவாள். இன்னொரு கிழங்கை எடுத்தாள்.

"என்ன, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற?"

அவள் கத்தியை வைத்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக மெல்லப் பேசினாள்.

அவருக்கு அது கேட்டது. கேட்டும் புரியவில்லை.

"என்ன தெரியும்?"

"அவன் பரண்ல ஏறலன்னு. டிஷ் விழுந்த அன்னிக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டான். இதே நாற்காலியில உக்காந்து அழுதான். வேலை போயிடும், அந்தப் பொண்ணு வீட்டுல வேணாம்னுடுவாங்கன்னு."

"அப்ப, மறுநாள் நான் வந்து உன்கிட்ட கேட்டேனே. காது கேக்கலன்னு சொன்னியான்னு."

"ஆமா."

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவள் பேச ஆரம்பித்தாள். ஒரு தரம் ஆரம்பித்தபின் நிறுத்தவில்லை.

"அம்மா போனப்ப அவனுக்கு ஏழு வயசு. நான் தூக்கி வளத்தவன். உங்களுக்கு இந்தத் தொழில்ல ஒரு பேரு இருக்குங்க. ஒரு தப்பு உங்க பேர்ல வந்தாலும் அது தாங்கும். முதலாளி உங்களை வெளிய அனுப்ப மாட்டாருன்னு எனக்குத் தெரியும். அவனை அனுப்பிடுவாரு. அவனுக்கு வேற என்ன இருக்கு? நீங்க தாங்கிக்குவீங்கன்னு நினைச்சேன். உங்க மேல இருக்கிற நம்பிக்கையிலதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீங்க முதலாளிகிட்ட போயிருப்பீங்க."

போயிருப்பார்தான்.

"காது டாக்டர்கிட்ட ஏன் கூட வந்த?"

"நீங்கதான் போகணும்னீங்க. வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க."

"அவரு காது நல்லா இருக்குன்னு சொன்னாரே. அதையாவது என்னை நம்ப விட்டிருக்கலாமே."

தோலை எல்லாம் ஒரு பக்கமாகக் கூட்டினாள்.

"நான் பஸ்ல கேட்டேன். மெஷின் சத்தம் வேற, மரத்துச் சத்தம் வேறன்னு சொன்ன."

"சொன்னேன்."

"தினமும் சத்தம் போட்டுப் பேசினியே. பக்கத்து வீட்டுலயெல்லாம் சொன்னியே. நான் உன் வாயைப் பாத்துப் பாத்து..." அவர் அவள் வாயிலிருந்து கண்ணை எடுத்தார். "எப்படி முடிஞ்சுது உனக்கு?"

பொய் சொல்லக் கூடாது என்று இப்போதுதான் முடிவெடுத்தவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

"முதல் ரெண்டு நாள் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு," என்றாள்.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். மச்சான் செய்தது கெட்ட காரியம்தான், அதற்கு அவரிடம் வார்த்தை இருந்தது. சோம்பேறி, கோழை, நன்றி கெட்டவன் என்று எதையாவது சொல்லித் திட்டிவிடலாம். இதற்கு அவரிடம் வார்த்தை இல்லை. தன் காது, தன் கை, இருபத்திரண்டு வருஷத்துத் தொழில் எல்லாவற்றையும் அவள் பேச்சை நம்பி அவரே சந்தேகப்பட்டிருக்கிறார். கேவலமாக இருந்தது அவருக்கு. பின்னாலேயே வந்து நின்று அவள் கேட்டாள்.

"முதலாளிகிட்ட சொல்லிடுவீங்களா?"

"இல்ல."

பெருந்தன்மையில் சொன்னதில்லை அது. மச்சானைப் பற்றிச் சொன்னால், வீட்டில் அக்காவும் சொல்லுது என்று அவன் சொன்னானே, அது என்ன என்று முதலாளி கேட்பார். பெண்டாட்டியே தன்னைச் செவிடனாக்கினாள் என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலை மச்சான் வந்தான். அக்கா போன் பண்ணியிருப்பாள். வாசற்படியைத் தாண்டாமல் நின்றான்.

"மாமா, நானே முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

"எப்ப?"

"கல்யாணம் முடியட்டும் மாமா."

"தேதி வச்சாச்சா?"

"இன்னும் வைக்கல மாமா."

டிஷ்காரர் அவனைத் தாண்டிக்கொண்டு கடைக்குப் போனார். பத்து மணிக்குப் போன் அடித்தது. அவர்தான் எடுத்தார்.

"கடைங்களா? முதலாளியோட பேசணும்." டெய்லரம்மா குரல்.

"அம்மா, நான்தான்."

"நீங்களா? நேத்து நீங்க போனதுக்கப்புறம் உக்காந்து யோசிச்சேன். பழி உங்க தலையில விழுந்திருக்குன்னு அப்புறந்தான் எனக்கு விளங்குச்சு. முதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"வீட்டு விஷயம்மா."

"உங்களுக்கு வீட்டு விஷயம். ஒடிஞ்சது என் கை. போனை அவர்கிட்ட குடுங்க."

அவர் போனை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் கழித்து முதலாளி தானே வெளியே வந்தார். மச்சானை இன்றோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னார். தான் தீர விசாரித்திருக்க வேண்டும் என்று அவர் வாயாலேயே சொன்னது அந்தக் கடை சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

"நாளையிலேர்ந்து கூரைக்குப் போங்க. முதல்ல அந்த அம்மா வீட்டு வேலையை முடிச்சுக் குடுங்க. உள் ஆளா யாரைப் போடட்டும்?"

"யாரும் வேணாம் சார்."

"ரெண்டு ஆள் வேலைய்யா அது."

"ரெண்டு தடவை ஏறிக்கிறேன்."

அன்றைக்கு மனைவி அழுதாள், சமைத்தாள், பரிமாறினாள். மெல்லத்தான் பேசினாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

மறுநாள் டெய்லரம்மா கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சாவியை டிஷ்காரர் கையில் கொடுத்துவிட்டு, "எலியைக் கேட்டதாச் சொல்லுங்க," என்று சொல்லிப் போனார். டிஷ்காரர் உளியால் பெயின்ட்டைக் கீறி, ஆணிகளைப் பிடுங்கி, மூடியைத் தள்ளினார். மூன்று வருஷத்துத் தூசி தலையில் கொட்டியது. பரணில் முட்டி போட்டுப் போய், கைமரத்தைக் கையால் தொட்டுப் பார்த்து, அதை ஒட்டியே பலகையில் ஊசிபோன்ற கம்பியைக் கீழிருந்து மேலே ஓட்டினார். இறங்கினார். ஏணி வைத்துக் கூரையில் ஏறி, தார் அட்டையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் கம்பி முனையைத் தேடிப் பிடித்து, கைமரம் இருக்கும் பக்கமாக அரை அங்குலம் தள்ளிக் கோடு போட்டார். அப்புறமும் ஒரு தரம் இறங்கிப் போய்ப் பரணில் பார்த்துவிட்டு வந்தார். உள் ஆள் இருந்தால் கால் மணியில் முடிகிற வேலைக்கு ஒன்றரை மணி ஆயிற்று. போல்ட் நான்கும் மரத்தில் கிறீச்சிட்டுக்கொண்டு கடைசி வரை இறுக்கமாக இறங்கின. பசை வைத்து, குழாயை நிறுத்தி, டிஷ்ஷை மாட்டி முடிக்கும்போது வெயில் வந்துவிட்டது.

கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்றாள். கட்டுப் பிரித்து வருகிற அம்மாவுக்கும் சேர்த்து எடுத்து வந்திருந்தாள்.

"டி.வி. கிட்ட யாராவது நிக்கணும்ல. நான் போய் நிக்கட்டுமா?"

அவர் ஸ்பானரைக் கையில் எடுத்தார். அவள் உள்ளே போனாள். டி.வி. போடுகிற சத்தம் வந்தது. அவர் நட்டைத் தளர்த்தி, டிஷ்ஷை ஒரு விரல் அகலம் திருப்பினார். "ஒண்ணும் வரல," என்றாள் ஜன்னல் வழியாக. இன்னும் கொஞ்சம் திருப்பினார். "கோடு கோடா வருது." மயிரிழை திருப்பினார்.

"வந்துருச்சுங்க."

அவள் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் பேசுகிற குரல்தான். காற்று அடித்துக்கொண்டிருந்தது, தெருவில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. டிஷ்காரருக்கு அது சுத்தமாகக் கேட்டது.

அவர் ஸ்பானரைப் பையில் போட்டார். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி, காலைச் சாக்கில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் டி.வி.க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். படம் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

"அதான் சொன்னேனே," என்றாள்.

"ஆமா, சொன்ன," என்றார் அவர். இன்னும் கொஞ்ச நேரம் நின்று படத்தைப் பார்த்துவிட்டு, நட்டை முடுக்க மறுபடியும் ஏணிக்குப் போனார்.